நகர்ந்துபோன கட்டம்

நீர் வழங்கல் அலுவலகத்தில் அவளுக்கு 'சிஸ்டம் அக்கா' என்று பெயர். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் பிரிண்டர் பேப்பரை மென்று துப்பினாலும் அவள்தான் வர வேண்டும். அவள் போடும் கணக்கில் ஒரு புள்ளி பிசகாது என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஊருக்குப் பன்னிரண்டு தண்ணீர் டேங்குகள். தினமும் எந்த டேங்கில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும் என்று அவளுடைய எக்செல் ஷீட் சொல்லும். ஒரு பக்கம் ஒவ்வொரு டேங்கின் கொள்ளளவு. இன்னொரு பக்கம், மேல் கட்டத்தில் இந்த மாதம் ஆயிரம் லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவு. அதற்குக் கீழே வரிசையாகப் பழைய மாதங்களின் அளவு. முதல் டேங்குக்கு ஃபார்முலா எழுதி, மவுஸால் கீழே இழுத்துவிட்டாள். பன்னிரண்டு எண்களும் பொலபொலவென்று வந்து விழுந்தன. ஒரு வருஷமாக ஒரு குறையும் இல்லை.

மழை பிடித்தது. ஆற்றுத் தண்ணீர் செம்மண் குழம்பாக வந்தது.

"நாலு கிராம் போதாது, ஏழாக்கிடுங்க" என்றார் இன்ஜினியர்.

பழைய எண்களை ஒரு கட்டம் கீழே ஒட்டிவிட்டு, மேலே ஏழு என்று அடித்தாள். முதல் டேங்கின் எண் எகிறியது. அதைப் பார்த்ததும் திருப்தியாகப் பட்டியலை அனுப்பிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு நேத்துலேருந்து வயித்தால போகுது. எதிர்வீட்டுலயும் ரெண்டு பேருக்கு."

"மழைக்காலம்டி. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடு."

"உங்க ஆபீஸ் தண்ணிதானே. அதையுமா கொதிக்க வைக்கணும்?"



மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளின் பட்டியல் வந்தது. தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். ஊரெல்லாம் படுத்திருக்க, முதல் டேங்கின் தண்ணீர் போகும் தெருக்களில் மட்டும் ஒருவர்கூட இல்லை. ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள்.

முதல் டேங்கின் ஃபார்முலா ஏழைப் பார்த்தது. இரண்டாவது, அதற்கு அடுத்த கட்டத்தை, அதாவது போன மாதத்து நாலைப் பார்த்தது. மூன்றாவது அதற்கும் கீழே. இழுக்க இழுக்கக் கட்டமும் கூடவே நகர்ந்திருந்தது. நகராமல் நிறுத்த ஃபார்முலாவில் டாலர் குறி போட்டிருக்க வேண்டும்; போடவில்லை. போன வருஷம் மழை பொய்த்துப்போய், வருஷம் பூராவும் எல்லாக் கட்டத்திலும் நாலே இருந்ததால், தப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

இன்ஜினியரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான் சார்."

"அப்ப ஷீட்டைச் சரி பண்ணிட்டுப் பழசை அழிச்சிடுங்க. மழைன்னா நாலு பேருக்கு உடம்புக்கு வரத்தான் செய்யும்."

அவள் இருக்கைக்குத் திரும்பி டாலர் குறியைப் போட்டு இழுத்தாள். பதினோரு எண்களும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஆனால் பழையதை அழிக்கவில்லை. ஒவ்வொரு டேங்க் ஆபரேட்டருக்கும் அவளே போன் போட்டுப் புது அளவைச் சொன்னாள்.

"நானே நெனச்சேன்கா" என்றார் ஒன்பதாம் டேங்க்காரர். "ஒண்ணாம் டேங்க்ல மட்டும் அள்ளி அள்ளிக் கொட்றாங்களேன்னு. நீங்க போட்ட கணக்காச்சே, தப்பிருக்காதுன்னு விட்டுட்டேன்."

இரண்டு ஷீட்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பெரிய டாக்டரின் மேஜையில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

ஆறு நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகு தங்கை மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் டேங்க் பக்கம் ஒரு தையல்காரரும், எட்டு மாதக் குழந்தை ஒன்றும் எழவில்லை. விசாரணை வைத்தார்கள். இன்ஜினியர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்; திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

வீட்டில் சும்மா இருந்த மூன்றாம் நாள் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் பக்கத்து ஊர் அலுவலகங்கள் மூன்று அந்த ஷீட்டைக் கேட்டு வாங்கியிருந்தன. பெருமையோடு அனுப்பி வைத்தவள் அவள்தான்.

மூன்று ஊருக்கும் போன் போட்டாள். முதல் இரண்டு ஊர்க்காரர்கள் உடனே திருத்திவிட்டார்கள். மூன்றாவது ஊரின் கிளார்க் சிரித்தாள்.

"எங்க ஷீட்ல ஒரு பிரச்சினையும் இல்லைக்கா. ஒரு வருஷமா சரியாத்தான் வருது."

"அங்க மழை ஆரம்பிச்சிடுச்சா?"

"போன வாரமே. சார் அளவை ஏத்தச் சொன்னாரு, அன்னிக்கே ஏத்திட்டேன். ஏன்கா கேக்கறீங்க?"

"ஷீட்டைத் திற" என்றாள் இவள். "நான் சொல்ற வரைக்கும் போனை வைக்காத."