மாது பம்பை கொண்டுவராத தீமிதி

சுகுணாவுக்கு, கோயில் திருவிழாக்களில் மாது அடிக்கிற பம்பை மேளம் என்றால் உயிர். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு களத்தில் நாங்கள் புளி தட்டுகிறோம். அவள் மட்டும் மாது குழுவின் பம்பையைப் போனில் போட்டுக்கொண்டு, அந்த அடிக்கே சுத்தியலைப் போடுவாள். கொட்டை தெறிக்கும். "அந்தச் சனியன நிறுத்துடி, மண்டைய இடிக்குது" என்று கத்துவேன். சிரிப்பாளே தவிர நிறுத்த மாட்டாள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருடமே, மாரியம்மன் திருவிழாவில் அவளுக்கு அருள் வந்தது. மாதுவின் பம்பைக்குத்தான். அன்றிலிருந்து தீமிதியில் முதலில் இறங்குவது அவள்தான். அவள் நெருப்பில் நடந்து வந்து, மறுமுனையில் இருக்கும் பால் குழியில் கால் வைத்த பிறகே மற்றவர்கள் இறங்குவார்கள். ஒருமுறைகூட அவள் பாதம் கொப்பளித்ததில்லை. "எப்படிடி?" என்று கேட்டால், "பம்பை கேக்கும்க்கா. அப்புறம் ஒண்ணுமே தெரியாது" என்பாள்.

போன மாதம் களத்தில் சுத்தியல் அவள் கட்டைவிரலில் இறங்கியது. போனில் மாது குழுவின் புது வீடியோ. பம்பையே இல்லை, கீபோர்டும், திம் திம்மென்று ஒரு மிஷின் சத்தமும். அவள் விரலைப் பார்க்கவில்லை.

"இது மாதண்ணன் இல்லக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அடிப்பாவி, பாட்டு மாறுனதுக்கா அழுவற?" என்று கிண்டல் செய்தேன். என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

திருவிழா அன்று மாது ஆளுயர ஸ்பீக்கர்களோடு வேனில் வந்து இறங்கினான். சுகுணா ஈரப் புடவையோடு ஓடினாள்.

"அண்ணா, பம்பை எங்கீங்க?"

"எல்லா சத்தமும் இதுக்குள்ளயே இருக்குது தங்கச்சி." கையிலிருந்த எலக்ட்ரானிக் பேடைத் தட்டிக் காட்டினான். "இப்ப இதத்தான் எல்லா ஊர்லயும் கேக்கறாங்க."

அவள் திரும்பி நடந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

சாயங்காலம் புளியங்கட்டைக் கனலைக் குழியில் பரப்பிவிட்டார்கள். நான் பால் குழிப் பக்கம் நின்றேன். எதிர்ப்பக்கம் சுகுணா. அவளுக்குப் பின்னால் அவள் ஓரகத்தி காவேரி, இடுப்பில் கைக்குழந்தையோடு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்கு வேண்டுதல். "அக்கா எறங்கினாப் போதும், எனக்குப் பயமில்ல" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. சுகுணா அசையவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் முணுமுணுத்தது. தர்மகர்த்தா தீர்த்தகிரி மைக்கை வாங்கினார்.

"சாமி ஏன் வரல? வூட்டுல எதாச்சும் தீட்டான்னு கேளுங்கப்பா."

ஊர் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீட்டாம் தீட்டு!

சுகுணா கூந்தலை அவிழ்த்தாள். வேப்பிலையை வாயில் திணித்துக்கொண்டு உடம்பை உதறினாள். சத்தம் இன்னும் ஏறியது. ஆனால் அவள் கண்கள் குழியைத் தாண்டி என்னைத் தேடிக்கொண்டிருந்தன. அருள் வந்தால் அவளுக்குப் பெற்ற தாயையே அடையாளம் தெரியாது.

இறங்கிவிட்டாள். பாதி வழியிலேயே முகம் கோணியது. எப்படி வந்து சேர்ந்தாளோ, பால் குழியில் என்மேல் விழுந்து, காதருகே கத்தினாள்.

"சுடுதுக்கா! சாமி வரல! காவேரிய நிறுத்துங்க, கொழந்த!"

எனக்கே அது பாதிதான் கேட்டது. சுகுணா திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்துக் கையை ஆட்டி அலறினாள். நானும் தொண்டை கிழிய அலறினேன். சுற்றிப்போய்த் தடுக்கலாமென்றால் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. "வராதடி! வராத!" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆத்தா உக்கிரமாக வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள். மாதுவும் ஒரு கையால் கும்பிட்டுவிட்டு, மறு கையால் சத்தத்தை ஏற்றினான்.

எதிரே காவேரி எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு கனலில் கால் வைத்தாள்.