நாங்கள் ஏற்றிய மூட்டைகள் விழுந்த ஊர்

வெள்ளம் பாதித்த ஊருக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உண்மையில் நான் உதவி செய்யப் போகவில்லை. என்னோடு வேலை பார்க்கும் சங்கரைத் தனியாக அனுப்ப மனம் வராமல் கூடப் போனேன், அவ்வளவுதான்.

எனக்குச் சென்னை விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. கார்த்திகை மாதப் புயலில் தென்பெண்ணை கரை மீறியபோது, வடக்கேயிருந்து பெரிய சரக்கு விமானம் ஒன்று நிவாரணப் பொருட்களோடு வந்தது. பின்கதவு இறங்கினால் அதற்குள் லாரியே ஏறிப் போகலாம். கோடையில் இந்த மாதிரி விமானத்துக்குள் தொட்டி வைத்து, காட்டுத் தீ மேல் தண்ணீர் கொட்டுவார்கள் என்று அதில் வந்த ஒருவர் சொன்னார். இவ்வளவு பெரிய விமானம் இறங்கப் புதுச்சேரி ஓடுபாதை போதாது. அதனால் படகுகளையும் தார்ப்பாய்களையும் லாரிகளுக்கு மாற்றினோம். அவல், பிஸ்கட், பால்பவுடர் அடைத்த மூட்டைகள் ஹெலிகாப்டருக்குப் போயின. தரைவழி துண்டிக்கப்பட்ட ஊர்களில் மேலிருந்தே போட்டுவிடுவார்கள்.

சங்கருக்கு ஊர் புதுச்சேரி பக்கம், பாகூருக்குத் தெற்கே, ஆற்றோரம். அண்ணன் ஏழுமலை, அண்ணி செல்வி, அவர்களுடைய சின்னப் பெண் மூவரும் அங்கே இருந்தார்கள். முதல் நாளிலிருந்தே யாரும் போனை எடுக்கவில்லை. பஸ்ஸும் இல்லை. அறைக்குப் போய்க் கொஞ்சம் படு என்றேன். கேட்கவில்லை. "இதுல ஒண்ணாவது எங்க ஊருக்குப் போவும்ணா" என்று சொல்லிக்கொண்டே தூக்கினான். அன்று எங்களில் யாரும் அவன் அளவுக்கு வேலை செய்யவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் பஸ் விட்டார்கள். கிளாம்பாக்கத்தில் காலை ஐந்து மணிக்கு ஏறினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வழக்கமாக நான்கு மணி நேரத்துக்குள் புதுச்சேரி போய்விடலாம். அன்று உச்சிப் பொழுதாகிவிட்டது. மரக்காணத்தில் உப்பளங்கள் இருந்த இடம் தெரியாமல் ஒரே தண்ணீர். சாலையோரச் சவுக்குத் தோப்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. சங்கர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தானே தவிர எதையும் பார்க்கவில்லை.

புதுச்சேரியிலிருந்து பாகூர் இருபது கிலோமீட்டர் போல. கடலூர் பஸ்ஸில் கன்னியக்கோயில் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கிருந்து உள்ளே நடை. இரண்டு பக்கமும் கதிர் வந்த நெல் சேற்றோடு ஒட்டிக் கிடந்தது. அழுகல் நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. பாகூரைத் தாண்டியதும் ஒரு டிராக்டர்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். சங்கரின் ஊர்க்காரர்.

வீடு எப்படி இருக்கிறது என்று சங்கர் கேட்டான். தண்ணீர் வடிந்துவிட்டது, ஒரு சுவர் போய்விட்டது என்றார். அண்ணன் எங்கே என்று கேட்டான்.

"நீ மொதல்ல வூட்டுக்குப் போப்பா. அண்ணி இருக்குது."

அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சங்கருக்கும் புரிந்திருக்கும். மட்கார்டைப் பிடித்திருந்த அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வி பக்கத்து மாடி வீட்டில் இருந்தார். ஏழுமலையை முந்தின நாள் சாயங்காலமே எரித்துவிட்டார்கள். சங்கருக்குச் சொல்ல வழியில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். செல்வி அழுது ஓய்ந்திருந்தார். நடந்ததைக் கொழுந்தனிடம் அவரே சொன்னார்.

தண்ணீர் ஏறியதும் ஐந்து குடும்பம் அந்த மொட்டை மாடியில் ஏறியிருக்கிறது. மறுநாள் ஹெலிகாப்டர் வந்து மூன்று மூட்டை போட்டது. இரண்டு எங்கேயோ போய்விட்டன. ஒன்று கரும்புத் தோட்டத்து ஓரம் தண்ணீரில் விழுந்து மிதந்தது. பிள்ளைகள் பசியில் கத்தின. ஏழுமலை இறங்கி நீந்திப் போய் அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். மாடிப்படிக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம். மூட்டையை இவர்கள் பக்கம் தள்ளிவிட்டார். மேலே இருந்தவர்கள் அதைப் பிடித்துவிட்டுத் திரும்பினால் அவரைக் காணோம். தண்ணீர் வடிந்த பிறகுதான் உடல் கிடைத்தது.

"அது வர்றதுக்கு முன்னாடி அவரு நல்லாத்தான் இருந்தாரு சங்கரு. பசிதான், வேற இன்னா? ரெண்டு நாளு அதைத்தான் தின்னோம். நானும் தின்னேன். கொழந்த வாயில ஊட்டிக்கினே இருந்தேன்."

மூட்டைகளை ஏற்றியது தான்தான் என்பதைச் சங்கர் சொல்லவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சின்னப் பெண் வந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டது.

நான் இரண்டு நாள் தங்கி வீட்டுச் சேற்றை வாரினேன். போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கன்னியக்கோயிலைத் தாண்டினால் வண்டியை நம்பாதீர்கள். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பழைய துணி வேண்டாம், ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. மண்வெட்டி, பினாயில், பெண்களுக்கு நாப்கின் கொண்டு போங்கள். எதையும் தூர நின்று வீசாதீர்கள். படியேறிப் போய்க் கையில் கொடுங்கள். யாரையும் போட்டோ எடுக்காதீர்கள்.

விமானம் வந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாடியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் பிழைத்திருக்கின்றன. ஆனால் ராத்திரி ஷிப்டில் விமானத்தின் பின்கதவு இறங்கும்போது முன்பு இருந்த பெருமை எனக்கு இப்போது இல்லை.

சங்கர் காரியம் முடித்து வேலைக்குத் திரும்பினான். வந்த அன்றே சூப்பர்வைசரிடம் போய், இனிமேல் மேலிருந்து போடும் ஒவ்வொரு மூட்டையிலும் பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று கேட்டான். "தண்ணியில விழுந்தா எடுக்க வராதீங்கன்னு எழுதணும் சார்." அவர், சரிப்பா, எழுதலாம் என்றார். அதைப் படிக்க வேண்டுமானால் மூட்டை முதலில் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.