‘வாங்க’ன்னு கேக்கலையாம்!

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் ஒரு பெரிய மனிதர் அவமானப்பட்டுவிட்டார். அவமானப்படுத்தியது... சாட்சாத் நான்தான்!

வந்தவர் என் கணவரின் சித்தப்பா மகன். ஒக்கூரிலிருந்து காரைக்குடிக்குக் குடும்பத்தோடு காரில் வந்திருந்தார். கையில் ஆப்பிள் பை. கேட்டைத் திறப்பதற்குள் இரண்டு தும்மல்.

நான் மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். கதவைத் திறக்கவில்லை.

“என்ன மதினி, வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறீக?”

“கேட்டா உள்ள வந்துருவீகளே தம்பி!”

மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன் — செட்டிநாட்டுப் பக்கம், வீட்டுக்கு வந்தவரை ஒருத்தர் விடாமல் முகம் பார்த்து ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மன்னிப்பார்கள். ‘வாங்க’ குறைந்தால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும்.

“அதான் ரத்தக் கவுண்ட்டு ஏறிருச்சாமே! அண்ணன் குரூப்புல போட்டிருந்தாகளே... இன்னும் என்ன?” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரத்தமல்ல, கோபம்!

எனக்கு வந்தது அப்ளாஸ்டிக் அனீமியா. எலும்பு மஜ்ஜை, ரத்தம் தயாரிக்கும் வேலையையே நிறுத்திவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரிவாசம், ஊசி மருந்து, முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம்... மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, வெள்ளையணுக்கள் இப்போதுதான் மெல்லத் தலைகாட்டுகின்றன. பிளேட்லெட் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட் வந்த அன்று நானும் கணவரும் லேப் வாசலில் நின்று அழுதோம். சந்தோஷத்தில்தான்.

ஆனால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். “ஏறுது, நல்லது. ஆனா மாத்திரையை நிறுத்தக் கூடாது. அது எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் வைக்கும். சளி, காய்ச்சல்னு யார் வந்தாலும் கிட்ட சேர்க்காதீங்க.” மற்றவர்களுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம். எனக்கு ஐ.சி.யூ. எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைக் குடும்ப குரூப்பில் குரல் பதிவாகவே போட்டோம். யார் கேட்டார்கள்? ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொடுத்தனுப்புகிறார். இன்னொருவர், ‘அதான் சரியாப் போச்சே, மாத்திரையை நிறுத்துங்க’ என்கிறார். டாக்டருக்குப் படித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இத்தனை பேரா!

சாயங்காலத்துக்குள் விஷயம் இளையாத்தங்குடிச் சொந்தக்காரர்கள் வரை போய்விட்டது. “நோவு வந்தும் திமிரு போகலை பாருங்க...” என் கணவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லி போன் மேல் போன். எதற்கு? அவர் மனைவி உயிரோடு இருக்க ஆசைப்பட்டதற்கா?

உங்கள் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நோயாளியைப் பார்க்கப் போவது அவருக்காகவா, ‘நாங்க போய்ப் பார்த்துட்டோம்’ என்று சொல்லிக்கொள்வதற்காகவா?

எங்கள் பக்கம் ‘வாங்க’ என்று கேட்கவே கூடாத வீடு ஒன்று உண்டு — துக்க வீடு. அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்கவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்வதுமில்லை.

என் வீட்டுக்கு அப்படி வந்து நிற்பதைவிட, இப்போது கோபித்துக்கொண்டே போங்கள் தம்பி... உயிரோடு இருந்து சமாதானம் சொல்கிறேன்!