இடது முன்சக்கரத்து வண்டு

நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் காரின் காலடியிலிருந்து "ஊம்ம்ம்" என்று ஒரு சத்தம் கிளம்பும். ஐம்பதில் அது தொண்டையைத் திறந்து பாடும். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் பட்டு அம்மா வேகத்தைக் குறைத்தால் மெல்ல அடங்கி, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் சாதுவாகிவிடும். எங்கள் வீட்டில் அதற்கு "வண்டு" என்று பெயர். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஒரு பொங்கல் முடிந்த கையோடு வந்து சேர்ந்த அந்த வண்டை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை பரபரக்கிறது.

கார் பழைய அம்பாசடர். வெள்ளையாகப் பிறந்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. அம்மாவின் அப்பா அதை மகன்கள் இருவரையும் விட்டுவிட்டு மகளுக்குக் கொடுத்தார் என்பதில் அம்மாவுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அப்பா கடலோரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். அதன் டவுன்ஷிப்பில்தான் எங்கள் வீடு. அம்மா செங்கல்பட்டில் பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் அம்மாக்களை டவுன்ஷிப் முழுவதும் தேடினாலும் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஐப்பசி மழையில் உப்பங்கழி பொங்கிச் சாலையில் ஏறியபோது, பரீட்சைத் தாள்களைச் சேர்க்க வேண்டுமென்று, பாதிச் சக்கரம் முழுகும் தண்ணீரில் வண்டியை இறக்கி ஓட்டிக்கொண்டு போனதும் இதே அம்மாதான். உப்புத் தண்ணீர் தன் வேலையைச் சாவகாசமாகக் காட்டியது.

அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. வழியில் சக்கரம் கழன்றால் யார் பொறுப்பு என்று இரண்டு நாள் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டவர், மூன்றாம் நாள் முடிவைச் சொன்னார்: அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால், வெகுநாளாக வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கும் அச்சரப்பாக்கத்து விவசாயி அன்று பத்து மணிக்கு வந்து ஓட்டிக்கொண்டு போவார். கார் போனால் அம்மா இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகும், சுமதி அக்காவுக்கோ பத்தாம் வகுப்பு. ஆகவே வேலையை விட்டுவிடுவதுதான் நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார். கெட்ட எண்ணமில்லை; அப்பா நிஜமாகவே அப்படி நம்பினார். அம்மா சண்டை போடுவாள் என்று நானும் அக்காவும் காத்திருந்தோம். அவள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

எங்கள் டவுன்ஷிப் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் அளக்காமல் பேசமாட்டார்கள். சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட எவ்வளவு என்று கேட்பார்கள். எந்தச் சக்கரம் பாடுகிறது என்று கண்டுபிடிக்கவே அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். மாமல்லபுரம் போகும் சாலை வெறிச்சோடிக் கிடந்த வேளையில் அம்மா ஓட்ட, ஆளுக்கொரு சக்கரமாகக் காதைத் தரைப்பக்கம் சாய்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர். நாலாவது சக்கரம் அம்மாவின் பொறுப்பு. அம்மா வண்டியை வலப்பக்கம் ஒடித்தாள், வண்டு வீறிட்டது. இடப்பக்கம் ஒடித்தாள், அடங்கியது. மறுபடி வலம், மறுபடி இடம். மீன்கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று, நாங்கள் குடித்திருக்கிறோமா என்று பார்த்தார். வலப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் முழுக்க இடப்பக்கம் சாயும், ஆகையால் குற்றவாளி இடது முன்சக்கரம் என்று அப்பா தீர்ப்பெழுதினார். என் காது அந்தச் சக்கரத்தின் மேல்தான் இருந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக் தாஸ் வெள்ளிக்கிழமை விடிந்ததுமே வந்தார். சக்கரத்தைக் கழற்றி, நடுவே இருந்த மூடியை நெம்பி, பெரிய நட்டைத் திருகி எடுத்துவிட்டு, முதலில், சக்கரம் சுழல உதவும் குண்டுகள் அடங்கிய வளையமான வெளிப்பக்கத்துப் பேரிங்கை உருவினார். பின்னால் ஒரு இரும்புக் குழாய்த்துண்டு வந்தது. அதற்கும் பின்னால் உட்பக்கத்துப் பேரிங். இரண்டும் கருப்பு அல்வாவாக இருந்தன. புதிதாக வாங்கிவிடலாமா என்று அப்பா கேட்டதற்கு அவர் உட்பக்கத்துப் பேரிங்கைக் காதருகே வைத்துச் சுழற்றிப் பார்த்தார்.

"சார், இது வண்டியோட வந்த ஒரிஜினல் மால். குண்டு ஒண்ணும் அடிபடல, கிரீஸ்தான் செத்துப்போயி கீது. கெரசின்ல போட்டு கழுவு, புச்சா கிரீஸ் வெய்யி, இன்னும் இருவது வருசம் ஓடும். கடையில இப்ப வர்றத போட்டா ஆறு மாசத்துக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

ஒரிஜினல்தானா என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் அப்பா. எழுத்துகள் தேய்ந்து கண்ணுக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: நாணயத்தின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் சிங்கத் தலை வருமே, அதுபோல இதையும் தேய்த்தால் என்ன? தாஸ் உருவி வைத்தபடியே கிடந்த வெளிப்பக்கத்துப் பேரிங்கின் மேல்முகத்தைத் துடைத்து, காகிதம் வைத்துத் தேய்த்தேன். வெறும் வட்டம்தான் வந்தது. ஏமாற்றத்தோடு புரட்டிப் போட்டு மறுபக்கம் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக ஒரு எண், ஒரு ஊர்ப்பெயர், "த்ரஸ்ட்" என்று ஒரு ஆங்கிலச் சொல் எல்லாம் சாம்பல் நிறத்தில் எழும்பி வந்தன. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்த அதே எண். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமா பல் தேய்க்கும் பிரஷோடு ஓடி வந்தார். அப்பா இரண்டு காகிதங்களையும் வாங்கி, வரிசை எண் போட்டு, நேரம் எழுதி நோட்டில் ஒட்டிக்கொண்டார்.

அன்று மாலையே தாஸ் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரப்பாக்கம் போய்விட்டார். திங்கட்கிழமை வந்து மாட்டித் தருகிறேன் என்றார். எங்களுக்கோ ஞாயிறுதான் கெடு. "நாமே மாட்டுவோம்" என்றாள் அம்மா. சனிக்கிழமை காலையிலிருந்து சமையலறையில் சமையல் நடக்கவில்லை. பழைய எவர்சில்வர் தூக்கில் கெரசின், அதில் பேரிங்குகள். அக்கா பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, கருப்பு அல்வா கரைந்து, பளிச்சென்று ஒவ்வொரு இரும்புக் குண்டாக எட்டிப் பார்த்தது. துருப் பட்ட இடங்களைப் பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தோம். காய்ந்ததும் உள்ளங்கையில் புது கிரீஸை வைத்துப் பேரிங்கை அதில் அழுத்தினால், அந்தப் பக்கம் குண்டுகளின் இடுக்கு வழியாக இடியாப்பம்போல் பிதுங்கி வர வேண்டும். முதல் இழை பிதுங்கியபோது எனக்கு வந்த ஆனந்தம் எந்தப் பரிசு வாங்கியும் பிறகு வந்ததில்லை.

மாட்டும்போது ஒரு கேள்வி எழுந்தது: எழுத்துள்ள பக்கம் எங்கே இருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் கரண்டி முதல் குத்துவிளக்கு வரை எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். அலமாரியில் அடுக்கும்போது பெயர் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். "பேரு வெளிய தெரியற மாதிரி வை" என்றாள். அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. எல்லாவற்றையும் அளக்கும் அப்பா உட்பட நாலு பேரும், புது டம்ளரை அடுக்குவதுபோல், இரண்டு பேரிங்குகளையும் எழுத்து எங்களைப் பார்க்க வைத்து நட்டை முடுக்கினோம்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால், வண்டு போய்க் கடப்பாறை வந்திருந்தது. "கடகட"வென்று சத்தம், கையால் பிடித்து ஆட்டினால் சக்கரம் ஆடியது. அப்பா நோட்டை மூடினார். திட்டவில்லை, "விடு, போனால் போகட்டும்" என்றார். அம்மா கைகழுவிவிட்டுப் பாடத்திட்ட நோட்டுகளை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மேல்தட்டில் வைப்பதெல்லாம் இனி தேவைப்படாதவை. எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

விடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் உட்கார்ந்தேன். முதல் காகிதத்தில் வெறும் வட்டம், இரண்டாவதில் எழுத்துகள். அப்பாவின் கையெழுத்தில் "1", "2". தாஸ் உருவியபோது எங்களைப் பார்த்திருந்த முகத்தைத்தான் நான் முதலில் தேய்த்தேன்; அது மொட்டை முகம். அப்படியானால் வெளிப்பக்கத்துப் பேரிங்கின் எழுத்து உள்ளே, நடுக்குழாயைப் பார்த்து இருந்திருக்கிறது! ஓடிப்போய் அப்பாவின் போர்வையை இழுத்தேன். அரைக்கண்ணால் காகிதங்களைப் பார்த்தவர் எழுந்து உட்கார்ந்து, "த்ரஸ்ட்" என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். தாங்கும் பக்கம் என்று பொருள். இரண்டு பேரிங்குகளின் தாங்கும் பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்து நடுக்குழாயில் முட்டுக்கொடுக்க வேண்டும். உட்பக்கத்தது தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது; வெளிப்பக்கத்தது நேற்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"நான்தான் சொன்னேன், பேரு வெளிய தெரியணும்னு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு நின்றன.

மணி எட்டு. கழற்றினோம். புரட்டிப் போட்டோம். அப்பா முடுக்கினார், அம்மா சக்கரத்தைச் சுழற்றினாள். அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பதரைக்கு அம்மா மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். நாற்பது, ஐம்பது, அறுபது வரை போனதாகப் பிறகு சொன்னாள். திரும்பி வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கேட்டருகே ஹார்ன் அடித்தபோதுதான் வண்டி வந்து நிற்பதே தெரிந்தது. பத்து மணிக்கு வந்த அச்சரப்பாக்கத்து விவசாயிக்கு அப்பாவே காப்பி கொடுத்து, வண்டி இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

அந்த இடது சக்கரத்தின்மேல் அம்மா மேலும் பதினோரு வருடம் செங்கல்பட்டுக்குப் போய்வந்தாள். கார் இப்போது இல்லை. செங்கல்பட்டுச் சாலையை அகலப்படுத்தியதில் அதன் ஓரத்துப் புளியமரங்களும் போயின. போன மாதம் என் காரில் இதே "ஊம்ம்ம்" கேட்டது. பைபாஸ் கடைப் பையன் டீ குடிக்கும் நேரத்தில் பேரிங்கை மொத்தமாகக் கழற்றி வேறொன்றை மாட்டிவிட்டான்; திறந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "இத்த தொறக்கவே முடியாதுக்கா" என்று சிரித்தான். பக்கத்து இருக்கையில், தலை முழுக்க நரைத்த அம்மா. சத்தமில்லாமல் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, அன்றைக்குச் சரியாகாமல் போயிருந்தால் நிஜமாகவே வேலையை விட்டிருப்பாயா என்று கேட்டேன்.

"ராஜினாமா கடிதமே எழுதி கைப்பையில வெச்சிருந்தேன். திங்கட்கிழமை குடுக்கணும்னு."

இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்றேன்.

"தனியா ஓட்டிப் பார்க்கப் போனேன் இல்ல, சத்தமே இல்ல. வண்டிய ஓரமா நிறுத்தினேன். கையெல்லாம் கிரீஸு" என்றாள் அம்மா. "அந்தக் கடிதத்துலதான் துடைச்சேன்."