முத்துமாரி மேடம் போடாத கணக்கு

செவ்வாய்க்கிழமை காலை, பழைய சோதனைக்கூட ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. முத்துமாரி மேடம் ஆமத்தூர் வீட்டில் காலமாகிவிட்டார்கள். அதற்குக் கீழே இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் மேலே இருந்ததைப் படிக்காமல் காலை வணக்கம் சொல்லி ஒரு தாமரைப் பூவை அனுப்பியிருந்தார். நெஞ்சுவலி வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லையாம். தனியாகத்தான் இருந்தார்கள்.

மேடத்தைத் தெரிந்தவர்கள் பலருக்கும் அவர்களைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: "கணக்கைத் தப்பாப் போட்டு ஒரு கம்பெனியையே நிறுத்துன மேடம்." அந்தக் கணக்கை அவர்கள் போடவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை வரை இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அந்த இருவரில் இப்போது நான் ஒருவன் மட்டும் இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேடத்தின் தாய் தந்தை இருவரும் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பொறியியல் படித்தவர்கள் மேடம். நான் விருதுநகரில் எண்ணெய் வியாபாரம் செய்த வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் ஒரே வயது. சிவகாசி ரோட்டில் இருந்த ஒரு சிறிய சோதனைக்கூடத்தில் பட்டாசுச் சத்தத்தை அளப்பது எங்கள் வேலை. வெடியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி ஒலிமானியை நிறுத்தி, டெசிபல் எத்தனை என்று பார்த்து, சான்றில் எழுதித் தர வேண்டும்.

டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு, அதாவது லாகரிதம். இது வெடி கொண்டுவரும் கம்பெனி போர்மன்களுக்குப் பிடிபடாது. ஒருவர் மேடத்திடம் நேராகவே கேட்டார்.

"ரெண்டு வெடி சேர்ந்து வெடிச்சா சத்தம் ரெட்டிப்புதானே மேடம்? மானியில மூணுதான் கூடியிருக்கு. மிஷின் ரிப்பேரா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ரெண்டு வெடிக்கு மூணு ஏறும். பத்துக்குப் பத்து ஏறும். நூறு வெடிக்கு இருபதுதான். நம்ம காதும் ஏறக்குறைய இந்தக் கணக்குலதான் கேக்குது. இல்லாட்டி சீசன்ல இங்கன ஒருத்தருக்கும் காது மிஞ்சாது."

அவர் சிரித்துக்கொண்டே போனார். பொறியியல் கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் முழுக்கப் புரியாத பாடத்தை மேடம் இப்படி நின்ற இடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சரவெடிக்குத் தடை வருவதற்கு முந்தைய காலம் அது. தனி வெடிக்கு ஒரு சத்த வரம்பு இருந்தது. சரமாகக் கோத்தால், எத்தனை வெடி என்பதன் மடக்கையை ஐந்தால் பெருக்கி அந்த வரம்பில் கழிக்க வேண்டும். நூறு வெடிச் சரத்துக்குப் பத்து டெசிபல் கழியும். மேடம் இதை மடக்கை அட்டவணைப் புத்தகம் வைத்துக் கையாலேயே போட்டுவிடுவார்கள். அது பழங்காலத்து வேலை என்று நான் கேலி செய்து, கம்ப்யூட்டரில் ஒரு நிரல் எழுதினேன். அந்த நிரல்மொழியில் 'லாக்' என்று சும்மா எழுதினால் அது பத்தை அடியாகக் கொண்ட மடக்கை அல்ல, இயற்கை மடக்கை. இரண்டையும் படித்துத் தேறியவன் நான், மறந்துவிட்டேன். பத்து கழிய வேண்டிய இடத்தில் இருபத்து மூன்று கழிந்து, வரம்பு எந்தச் சரமும் எட்ட முடியாத அளவுக்குக் கீழே இறங்கியது.

தீபாவளி நெருங்கிய வாரம். ஒரு கம்பெனியின் சரங்கள் அத்தனையும் தேறவில்லை என்று கம்ப்யூட்டரிலிருந்து தாள் வந்தது. மேடம் தயங்கினார்கள்.

"ஒருதடவ கையால போட்டுப் பாத்துருவோமா சார்?"

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா மேடம்? போடுங்க கையெழுத்த."

போட்டார்கள். லோடு நின்றது, ஆர்டர் போனது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து தினமும் வேனில் அங்கே வேலைக்கு வந்துகொண்டிருந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் மேடத்தின் தெருக்காரர்கள்.

பத்து நாள் கழித்து மேடம் அட்டவணையோடு என் மேஜைக்கு வந்தார்கள். "எல்லாத்துலயும் ஒரே மாதிரி ரெண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் கூட வருது. அடி மாறிருச்சு சார்." அவர்கள் குரலில் கோபம் இல்லை. அன்றைக்கே நிர்வாகியிடம் போய்ச் சொன்னோம். யார் செய்தது என்று அவர் கேட்டார். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர்களே சொன்னார்கள்: "கையெழுத்து என்னோடதுதான்."

மேடத்துக்கு வேலை போனது. ஊருக்குள் போனால் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. ஆமத்தூரில் ஒரு வீடு பிடித்து, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை நான் போவேன். எப்போது போனாலும் வாசலில் என் செருப்பு ஒன்றுதான் கிடக்கும். ஒரே ஒருமுறை கேட்டார்கள்.

"அன்னைக்கு ஏன் சார் பேசல?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"எனக்கும் பயந்தான்" என்றார்கள். காபி போட உள்ளே போய்விட்டார்கள்.

மேடத்தின் உடலை அவர்களுடைய தம்பி ஏழாயிரம்பண்ணைக்குக் கொண்டுபோயிருந்தார். கூட்டம் இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தொழிலாளி அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "நல்ல பிள்ளதான். என்ன, இவ கணக்கால அந்தத் தீவாளிக்கு நாங்க வேலையில்லாம உக்காந்தோம். பெறவு நாங்களும் பேசல, அவளும் வரல."

"அந்தக் கணக்கைப் போட்டது நான்" என்றேன். "மேடம் கையெழுத்து மட்டுந்தான் போட்டாக."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. எழுந்துபோய் மேடத்தின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. இம்புட்டு வருசமும் ஒத்தையில கெடந்தியே."

மேடம், நான் பேசிவிட்டேன். உங்கள் காதில் விழாத நாளாகப் பார்த்துப் பேசியிருக்கிறேன். நல்லபடியாகப் போய் வாருங்கள்.