வீட்டில் இருந்த ஒரே முழுப் புடவை

இன்று காலை போனைத் திறந்ததும் ஒரு போட்டோ.

சொந்தக்காரப் பையன் ஒருவன் போட்டிருக்கிறான். ரமலானை ஒட்டி ஏழைகளுக்கு ஜகாத் புடவை கொடுக்கிறானாம். கொடுக்கிறவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். வாங்குகிற பெண் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள்.

கீழே யாரோ ஒருவர் கமெண்ட்: "இவங்க கட்டியிருக்கிற புடவையே நல்லாத்தானே இருக்கு? இவங்களுக்கு எதுக்கு ஜகாத்?"

அதற்கு லைக் வேறு!

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கோபமே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். (அவர் இந்தக் கமெண்டைப் படிக்கவில்லை, பாவம்.)

விரல் நடுங்குவதால் போனிடம் பேசித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்.

அப்போது யுத்த காலம். மயிலாப்பூரில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் அம்மா, மாமி, நான் என்று மூன்று பேர். மாமி என்றால் என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. கல்யாணமான வருஷமே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டவர்.

அத்தா ரங்கூனில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல், அம்மா அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து எங்களைக் காப்பாற்றினார்.

துணிக்குக் கண்ட்ரோல் வந்திருந்தது. கிடைத்தாலும் எங்களுக்கு எட்டாத விலை. ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிற வீட்டில் கிழியாத புடவை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தொழுவதற்கு உடம்பு முழுக்க மறைந்திருக்க வேண்டும். அதனால் அம்மா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு தொழுவார். முடிந்ததும் அவிழ்த்து மாமியிடம் கொடுப்பார். மாமி அதைக் கட்டிக்கொண்டு தொழுவார். ஒவ்வொரு வேளையும் இப்படித்தான்.

(போர்வையைச் சுற்றிக்கொள்ளலாமே என்கிறீர்களா? அது ஏற்கெனவே என் பாவாடை ஆகியிருந்தது!)

இதற்காக அவர்கள் மூக்கைச் சிந்தி நான் பார்த்ததில்லை. "சூடு ஆறறதுக்குள்ள குடுங்க அண்ணி" என்று மாமி கேலி செய்வார். பக்கத்துப் போர்ஷனுக்குக்கூட இந்தச் சங்கதி தெரியாது. தெரியக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

அந்த ரமலானில் தியாகராய நகரில் ஜவுளி வியாபாரி ஒருவர், ஹஜ் செய்தவர், ஜகாத் புடவை கொடுப்பதாகச் சேதி வந்தது. அம்மா ரொம்ப யோசித்தார். இது பிச்சை இல்லை, இல்லாதவர்களுக்கு உள்ள ஹக்கு, உரிமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

எதைக் கட்டிக்கொண்டு? அந்த ஒரே புடவையைத்தான்!

முதல் நாளே துவைத்து, நீலம் போட்டு, சொம்பில் நெருப்புத் துண்டு போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். அடுத்தவர் வாசலுக்குப் போனாலும் அழுக்காகப் போகக்கூடாது என்பது அவர் வைராக்கியம்.

மாமி கிழிசலோடு உள்ளே இருந்து கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். "அஸர் போறதுக்குள்ள வந்துடுங்க அண்ணி" என்றார். சாயங்காலத் தொழுகை அது. பொழுது சாய்ந்துவிட்டால் போச்சு.

அம்மாவும் நானும் நோன்போடு நடந்தோம். அங்கே போனால் பங்களா மதிலை ஒட்டி நீள வரிசை, நல்ல வெயில்.

ஹாஜியார் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால் பிரசங்கம். அல்லாஹ் கொடுத்ததில் திருப்தி வேண்டுமாம், ஆசைப்படக்கூடாதாம், பொறுமைதான் ஈமானாம், இறைநம்பிக்கையாம். சொல்கிறவர் தலைக்குமேல் மின்சார விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தது. அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, உன்னப் பாத்தா இல்லாதவ மாதிரி தெரியலியே. பொடவை சும்மா பளிச்சுனு கீது. கிழிசலோட எத்தினி பேர் நிக்கறாங்க பாரு. இருக்கறது போதும்னு இருக்கக் கத்துக்கோ."

அம்மா மதில் நிழல் நீண்டுகொண்டிருந்ததை மட்டும் பார்த்தார். அவர் மனம் மாமியிடம் இருந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"வூட்ல இருக்கறதே இந்த ஒரு பொடவைதான். எங்க மாமி தொழறதுக்குக் கட்டத் துணியில்லாம கதவச் சாத்திக்கினு உக்காந்துகினு கீறாங்க" என்று கத்திவிட்டேன்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா கட்டிக்காத்த மானத்தை நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டோம் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஹாஜியார் ஒரு புடவையை எடுத்து நீட்டினார். அம்மா அதை அவர் முகத்தில் எறிவார் என்றுதான் நினைத்தேன்.

எறியவில்லை. வாங்கிக்கொண்டார்.

"எடுத்துக்கறேன் ஹாஜியாரே, இது எங்க ஹக்கு. ஆனா போதும்ங்கறத நாங்கதான் சொல்லணும். நீங்க சொல்லக்கூடாது."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது.

மாமி புதுப் புடவையைக் கட்டிக்கொண்டார். ஊதாவில் கட்டம் போட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் தோளோடு தோள் சேர்ந்து நின்று தொழுதார்கள்.

முடித்ததும் அம்மா, பக்கத்தில் இருந்த மாமியைத் திரும்பிப் பார்த்தார். "போதும்" என்றார்.

அம்மா வாயில் அந்தச் சொல் எவ்வளவு நன்றாக இருந்தது! அதையே ஹாஜியார் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்று வரைக்கும் எரிகிறது.

கிழிசலைக் காட்டினால்தான் கொடுப்போம் என்றால் அது என்ன ஜகாத்? கேட்க வெட்கப்படுகிறவர்களைத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும் என்றல்லவா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நீங்கள் அவர்களை நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிறீர்கள்.

கமெண்ட் போட்ட தம்பி, நீங்கள் சொன்னது சரிதான். போட்டோவில் அந்தப் பெண் கட்டியிருக்கிற புடவை நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் எப்போது திரும்பி வந்து அதை அவிழ்த்துக் கொடுப்பாள் என்று வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா?