பகலில் அடித்த தப்பு

தப்புச் சத்தம் கேட்ட அன்று பிள்ளைமடுவத்தில் இருந்தவர்கள்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, அவளே ஒரு சின்னப் பெண். தொட்டிலில் இரண்டு கைக்குழந்தைகள். பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த, மேல் வரிசை லயத்து வீட்டுக்காரி. ஓடியாடுகிற பிள்ளைகள் எட்டுப் பேர். அதில் ஒன்று என் மகள். நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அரசாங்கத்திடமிருந்து கம்பனி எடுத்த புதிது. என் மகளுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டுவாள். காது நன்றாகக் கேட்டது. வளர்ந்தால் பேசுவாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

ஆயா கைதட்டி ஒரு விளையாட்டுப் பழக்கினாள். ஒரு தட்டுக்கு ஒரு குதி, ஒரு குதிக்கு ஒரு சொல். என் மகள் வெறுமனே குதித்தாள். பிறகு குதிக்கும்போது வாயும் அசைந்தது. ஒரு சாயங்காலம் லயத்துப் படியில் இறங்கும்போது "குதி" என்றாள். தலையிலிருந்த விறகைக் கீழே போட்டுவிட்டேன்.

கைதட்டுச் சத்தம் போதவில்லை என்று ஆயா தன் அப்பாவின் சின்னத் தப்பு மேளத்தைக் கொண்டுவந்ததுதான் வினை. தப்பு விடியற்காலையில் அடித்தால் பெரட்டு, வேலைக்கு வா என்று அர்த்தம். இரவில் அடித்தால் திருவிழா. வேலை நாளில் வெயில் ஏறின பிறகு லயத்துப் பக்கம் அடித்தால் சாவு. அன்று வெயில் ஏறின பிறகு கீழேயிருந்து தப்புச் சத்தம் மலைக்குக் கேட்டது.

"எங்க மாமாவாத்தான் இருக்கும். காலைல ரொட்டிகூட வேணாம்னாரு" என்று பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள் அழுதுகொண்டே ஓடினாள். கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். கங்காணி கத்தியது யார் காதிலும் விழவில்லை.

பிள்ளைமடுவத்து வாசலில் அவள் மாமனார் தடியூன்றி நின்றுகொண்டிருந்தார்.

"யாரு செத்தது, புள்ள?"

"நீங்கதான் மாமா."

சிரித்தோம். உள்ளே பிள்ளைகள் வட்டமாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் என்னைப் பார்த்தாள். ஒரு அடிக்கு "அம்மா" என்றாள். அடுத்த அடிக்கு "வா" என்றாள்.

பின்னாலேயே தோட்டத்து நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயா வந்தார்.

"சாவு மேளத்தையா புள்ளைங்களுக்கு அடிக்கிற? மலையில ஒரு ஆள் இல்ல."

"ஆட்டம் பழக்குறேன் ஐயா. பாருங்க, இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருது."

"பேசி? கொழுந்து எடுக்க வாய் எதுக்கு?"

தப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கைதட்டவும் கூடாது என்றார். இனிமேல் சத்தம் கேட்டால் ஆயாவுக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள் கையைக் கட்டிச் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

வேலை முடிந்து வந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நான் தட்டிப் பார்த்தேன். மகள் நின்று பார்த்தாள். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து குதித்த இடத்தில் வந்த சொல், என் ஒருத்தி கைக்கு வரவில்லை. வந்திருந்ததும் நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் பேசாத பிள்ளை என்று கடைசி வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள்.

அதன்பிறகு ஒரு திட்டம் வந்தது. பிள்ளைமடுவத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பிளாஸ்டிக் மேளம், சலங்கை எல்லாம் கொண்டுவந்தார்கள். கூடியிருந்த தாய்மாரிடம் கொழும்பிலிருந்து வந்த மிஸ் சிங்களத்தில் பேச, தமிழில் சொன்னவர் அதே வெல்பெயார் ஐயா.

"பாட்டும் ஆட்டமும் இருந்தாத்தான் சின்னப் புள்ளைங்களுக்குப் பேச்சு வரும். கைகால் சொன்னபடி கேக்கும். கூச்சம் போகும். மூளை வளர்ற வயசு இது. தாய்மாருங்க கட்டாயம் அனுப்பணும்."

அதே வாய்.

"இப்ப யாரு ஐயா செத்தது?" என்றாள் அந்தப் பக்கத்து நிரைக்காரி. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா கேட்காத மாதிரி மேளத்தை எடுத்துத் தட்டிக் காட்டினார். என் கைக்குள் மகளின் விரல் அசைந்தது.

அவளை இழுத்துக்கொண்டு முன்னால் போனேன். இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மிஸ்ஸிடம் சிங்களத்திலேயே கேட்டேன். ஐயா தரையைப் பார்த்தார். மிஸ் நல்ல மாதிரி. குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் இது என்றார். வயது என்ன என்று கேட்டார்.

ஐயாவைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏழு."